துச்சாதனனிடம் ஏன் பயம்?

முதலியார்பேட்டையில் நம்மிடம் பாடம் கேட்கும் மாணவன் ஒருவன், சென்ற கோடை விடுமுறையில் வீடியோ விளையாட்டு ஒன்றுக்குக் கதை எழுதிக்கொண்டு வந்தான். அதில் ஓர் அசுரன். பத்துத் தலை, கையில் நெருப்புச் சூலம், உயிரோ லட்சம் புள்ளி! "புள்ளி" என்றதும் நேயர்கள் திகைக்க வேண்டாம். விளையாட்டுத் திரையில் அசுரனுடைய உயிர் ஒரு கோடாக நீண்டிருக்கும். அடிக்க அடிக்க அது குறைந்துகொண்டே வரும். அவ்வளவுதான்.

"எல்லாம் வைத்தாயிற்று, ஸார். ஆனால் ஒருவரும் பயப்படவில்லை. என் தங்கைகூடச் சிரிக்கிறாள்" என்றான் பையன்.

நமக்கு அந்த விளையாட்டுகளில் பாண்டித்தியம் கிடையாது. ஆனால் பயம் என்றால் என்னவென்று சிறு வயதிலேயே தெருக்கூத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறோம்.

புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் தீமிதி. கூத்தில் துரியோதனன் வரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு எழும்பும், சலங்கை ஒலிக்கும், திரையின் மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். இப்புறம் கட்டியக்காரன் கேலி பேசிக்கொண்டிருப்பான். சிரித்துக்கொண்டே இருந்தாலும் நம்முடைய கண் அந்தத் திரையை விட்டு நகராது. அந்தக் கிரீடம் வெறும் மரக்கட்டை என்பது பகலில் அதைத் தொட்டுப் பார்த்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இருந்தும் இரவில் அடிவயிறு கலங்குகிறதே!

ஆயினும் உண்மையான பயம் துகிலுரியும் கட்டத்தில்தான் இருக்கிறது. துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதியின் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வேஷம் போட்டவரே அந்த வேஷத்துக்கு அஞ்சுகிறார் என்றால், பார்ப்பவர்கள் கதி என்ன?

இத்தனைக்கும் துச்சாதனனிடம் பத்துத் தலையும் இல்லை, சூலமும் இல்லை. பீமன் ஒரு கையால் அவனைப் பிசைந்துவிடுவான். அந்தப் பீமன் அதே சபையில்தான் உட்கார்ந்திருக்கிறான்! அவன் மட்டுமா? பீஷ்மர், துரோணர், திருதராஷ்டிர மகாராஜா எல்லோரும் இருக்கிறார்கள். சூதாட்டம் நடந்து முடிந்தது. பந்தயம் தோற்றது. தம்மையே முதலில் தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று திரௌபதி கேட்கிறாள். தர்மம் சூட்சுமமானது என்று பீஷ்மர் மழுப்புகிறார். விதுரன் பேசுகிறான், கௌரவர்களில் விகர்ணன் ஒருவன் பேசுகிறான், வேறு வாய் திறக்கவில்லை. துச்சாதனனுடைய பலம் அவன் தோளில் இல்லை. அந்தச் சபையின் மௌனத்தில் இருக்கிறது. நம்மைக் காப்பாற்ற வேண்டியவர்கள் தலை குனிந்திருக்கும்போது வருகிற பயம் சூலத்தைக் கண்டு வருவதில்லை.

இதை நாம் சொன்னதும் பையன் சற்று யோசித்தான். பிறகு ஜப்பானில் 1994-ல் வெளியான "பைனல் பேண்டஸி 6" என்ற விளையாட்டைப் பற்றி அவன் நமக்குப் பாடம் நடத்தினான். அதில் கெப்கா என்று ஒரு கோமாளி. அரசனுடைய சேவகன்; பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு கோட்டையின் ஆற்று நீரில் விஷத்தைக் கலந்து உள்ளே இருந்தவர்களைக் கொன்றுவிடுகிறான். கடைசியில் எப்படியும் நாம் வென்றுவிடுவோம் என்று ஆடுபவன் நம்பிக்கொண்டிருக்க, பாதி ஆட்டத்திலேயே கெப்கா ஜெயித்து உலகத்தை நாசமாக்கிவிடுகிறான். ஒரு வருஷம் கழித்துக் கதாநாயகிகளில் ஒருத்தி ஒரு தீவில் கண் விழிக்கிறாள். தோழர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள்; ஒவ்வொருவராகத் தேட வேண்டும். தக்க தருணத்தில் காத்திராவிட்டால் ஒரு தோழன் திரும்பி வரவே மாட்டானாம்.

நாம் அசந்துபோனோம். தோற்றால் மறுபடி ஆடலாம் என்பது இந்த விளையாட்டுகளின் பெரிய சௌகரியம். பயத்துக்குப் பெரிய சத்துருவும் அதுதான். பத்துத் தடவை செத்துப் பிழைத்தவன் பதினோராம் தடவை எதற்காக நடுங்குவான்? திரும்பக் கிடைக்காத ஒன்றை எடுத்துக்கொண்டு போகிற வில்லனிடம்தான் நடுக்கம் வரும். புனாவில் தயாராகி 2020-ல் வெளிவந்த "ராஜி" என்ற நமது நாட்டு விளையாட்டிலும், அசுரர்கள் முதலில் ராஜ்யத்தைக் கேட்பதில்லை. ராஜி என்ற பெண்ணின் தம்பியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தம்பி உள்ள வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

பதினைந்து நாள் கழித்துப் பையன் மறுபடி வந்தான். தலைகள் ஒன்பதும் போய்விட்டன, சூலமும் போய்விட்டது. இப்போது அவனுடைய அசுரன் வெள்ளை வேஷ்டியில் ஊர்ச் சாவடிக்கு வருகிறான். பத்திரம் ஒன்றை விரித்து, ஏரி தனக்குச் சொந்தம் என்று நிதானமாகப் படிக்கிறான். கையெழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது. பெரியவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். ஆடுபவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பேசுவதற்கு ஒரு பொத்தான் உண்டு.

"அவன் அதை அழுத்தாவிட்டால்?" என்று கேட்டோம்.

"ஏரி போய்விடும், ஸார். அப்புறம் அந்தக் கட்டத்துக்குத் திரும்பி வர முடியாதபடி செய்திருக்கிறேன்" என்றான்.

இந்தத் தடவை தங்கை சிரிக்கவில்லையாம்.