மேற்குத் தட்டி

வெயில் காலம் – 9

மே மாதத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் முல்லைத்தீவைக் கடந்து திருகோணமலை மாவட்டத்துக்குள் கால் வைக்கும்போது பெரும்பாலும் கச்சான் காற்று தொடங்கியிருக்கும். நகரத்தைத் தாண்டி மூதூர், வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் என்று மட்டக்களப்பு எல்லை வரை அவர்களுக்கு வழியெல்லாம் தாகசாந்தி. ஓரிடத்தில் கோயில் சபை வைத்திருக்கும். இன்னோரிடத்தில் தெருப் பொடியன்கள் சேர்ந்து போட்டிருப்பார்கள். நாலு கப்பு, மேலே கிடுகோ தறப்பாளோ, ஒரு மேசை, இரண்டு மண்முட்டி. வெசாக்கும் அதே மாதத்தில் வருவதால் தன்சல் பந்தல்களும் சேர்ந்துகொள்ளும். வெயிலுக்கு ஒதுங்கப் பந்தலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு பந்தலில் உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது. அடுத்த பந்தலில் மோரைக் குடித்த கையோடு ரோட்டுக்கே இறங்கிவிடத் தோன்றும். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது.

மூதூர்ப் பக்கம் ஒரு தாகசாந்தியில் மேற்குப் பக்கம் முழுக்கச் சாக்குத் தொங்கியது. பழைய சணல் சாக்குகளைப் பிரித்து, ஓரம் தைத்து, மேலே ஒரு கயிற்றில் கோத்திருந்தார்கள். ஒரு பொடியன் வாளியும் சிரட்டையுமாக நின்று சாக்கின் தலைமாட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்றும் திறந்தபடி. நிழலுக்காகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, "கிழக்குப் பக்கமும் கட்டியிருக்கலாமே ஐயா" என்றேன், முட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெரியவரிடம்.

"கிழக்கால அடைச்சா காத்து எங்கால போறது தம்பி? கச்சான் நிண்டு கடல்காத்து வந்தா இதையும் சுருட்டிப் போடுவம்" என்றார்.

இந்த வாரக் கட்டுரை முழுவதும் அந்தப் பதிலுக்கான விளக்கம்தான்.

கச்சான் எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு கொழும்புப் பக்கம் கரையேறி, மத்திய மலைநாட்டில் ஏறி, அங்கே மழையாகக் கொட்டிவிடுகிறது. பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். மலைகளைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. ஈரம் குறைந்த காற்று ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறும். மேகத்தோடு ஏறும்போது அது குளிர்ந்ததோ அதில் பாதியளவுதான். ஆகவே நுவரெலியாவில் ஆட்களைச் சுவெட்டர் போடவைக்கும் அதே காற்று, கிழக்குக் கரைக்கு வரும்போது உதட்டை வெடிக்க வைக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் இதையே ஃபோன் காற்று என்பார்கள். அவர்களுக்கு அது பனியை உருக்கும் காற்று. நமக்கு உருக்குவதற்கு நாம்தான் இருக்கிறோம்.

இந்தக் காற்றின் வறட்சியே அதற்கு மருந்தும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் காற்றிலிருந்து சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். கச்சான் அடிக்கும் ஒரு பகலில் வெப்பம் 36 பாகை, ஈரப்பதன் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றைத் தண்ணீரால் மட்டும் குளிர்விக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய 25 பாகை. சாக்குத் தட்டி அந்த எல்லையைத் தொடாது. பாதி வழி போனாலே பந்தலுக்குள் 30, 31 வந்துவிடும். களைத்து வருகிறவனுக்கு அது போதும். பின்னேரம் காற்று மாறிக் கடலிலிருந்து வீசத் தொடங்கினால் வெப்பம் 33க்கு இறங்கும், ஆனால் ஈரப்பதன் 70க்கு ஏறும். அப்போது எல்லை 28 பாகை. முன்பு 11 பாகை இடைவெளி இருந்த இடத்தில் இப்போது 5தான். நனைந்த சாக்கு அந்த நேரத்தில் புழுக்கத்தைக் கூட்டி, வருகிற நல்ல காற்றையும் மறித்து நிற்கும். பெரியவர் சுருட்டிப் போடச் சொன்னது இதனால்தான். வட இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டி ஏன் பெயர் பெற்றது, கொழும்பில் அது ஏன் பிடிபடவில்லை என்பதற்கும் இதே காரணம்.

கச்சான் பலமாக அடிக்கும் நாளில் கடல்காற்று பின்னேரம் பிந்தித்தான் உள்ளே வரும். சில நாள் வராமலே போகும். டச்பே கடற்கரையில் நிற்பவர்களுக்கு முதலில் தெரியும். உள்ளே தம்பலகாமம் பக்கம் இருப்பவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டும். ஆகவே சாக்கைக் கழற்றுவதற்கு நேரம் குறித்துவைத்துப் பயனில்லை. பந்தல் கப்பில் ஒரு துண்டுத் துணி கட்டிவிட்டால் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இனிக் கூரை. கிடுகுக்கு நிகர் இல்லை என்று நான் சொன்னால் பழம்பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். தென்னோலையை ஊறப் போட்டுப் பின்னி, ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிக் கட்டும்போது ஓலைகளுக்கு இடையில் காற்று தங்குகிறது. மேல் ஓலை சுட்டாலும் அடி ஓலை சுடாது. இடுக்கு வழியாக வெக்கை மேலே கசிந்துவிடும். தகரப் பந்தல் இதற்கு நேர்மாறு. உச்சி வெயிலில் தகரம் 60 பாகையைத் தாண்டிவிடும். பிறகு அது தன் வெப்பத்தை நேராக நம் தலையில் இறக்கும். காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் உச்சந்தலை சுடுவது அதனால்தான். தறப்பாளும் அப்படியே. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த இடப்பெயர்வுகளிலும், தறப்பாளுக்குக் கீழே பகலைக் கழித்தவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

கிடுகு கிடைக்காவிட்டால் தறப்பாளை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். மேல் அடுக்கு வெயிலை வாங்கிக்கொள்ளும். கீழ் அடுக்கு அதன் சூட்டை மட்டும் வாங்கும், அதையும் நடுவே போகும் காற்று கொண்டுபோய்விடும். கீழ் அடுக்குக்குப் பழைய சேலையே போதும். தகரமானால் மேற்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். 2010ஆம் ஆண்டு வெப்ப அலைக்குப் பிறகு 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் போட்ட அகமதாபாத் நகரம், பின்னாளில் ஏழைகளின் கூரைகளுக்குச் செய்ததும் அதுதான்.

பந்தல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் பலருக்குக் குழப்பம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் திருகோணமலையின் உச்சிக்கு நேரே சூரியன் வருகிறது. ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கையின் அகலக்கோடுகளுக்கு நேர் உச்சியில் சூரியன் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நம் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும். ஜூனில் உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே. அதனால் கூரையை வடக்குப் பக்கம் ஒரு முழம் கூடுதலாக நீட்டினால் போதும், அங்கே தட்டி வேண்டாம். தட்டி வேண்டியது மேற்குக்கு. மூன்று மணிக்குப் பிறகு சாயும் வெயில் எந்தக் கூரைக்கும் அடியில் புகுந்துவிடும். கச்சானும் மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆக ஒரே தட்டி வெயிலையும் மறிக்கிறது, காற்றையும் குளிர்விக்கிறது. இந்தக் கரைக்கு வாய்த்த வசதி இது.

கரைவலைக்காரரின் வாடிகளைப் பாருங்கள். இந்தக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மேற்குக் கரையிலிருந்துகூட மீனவர்கள் வந்து வாடி போட்டுத் தொழில் செய்வது பழைய வழக்கம். வலை பொத்துகிறவர்கள் இருக்கும் பக்கம் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும், முதுகுப் பக்கம் ஓலைத் தட்டி. அடுப்பு வாடிக்கு உள்ளே இருக்காது. கச்சான் போகிற திசையில், கிழக்கே தள்ளி இருக்கும். காய்ந்த கிடுகும் வறண்ட காற்றும் ஒரு பொறி விழுந்தால் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுப்புச் சூடும் வாடிக்குள் வராது. தாகசாந்தி நடத்துகிறவர்கள் தேநீர் அடுப்பை மேற்கே வைத்துவிட்டு வெக்கை என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

துறைமுகத்தில் நின்ற பாய்க்கப்பல்களிடமும் ஒரு வித்தை இருந்தது. வெப்ப நாடுகளில் நங்கூரமிடும் கப்பல்களின் மேல்தளத்தில் கன்வஸ் பந்தல் விரிப்பார்கள். அதோடு நீளக் குழாய்போல் தைத்த ஒரு கன்வஸ் பாயைக் காற்றுக்கு வாய் திறந்தபடி உயரத்தில் கட்டி, அடி நுனியைக் கீழ்த்தட்டுக்குள் விடுவார்கள். மேலே ஓடும் காற்று உள்ளே இறங்கும். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துப் போவதற்கு வெகு முன்பே பாய்க்கப்பல்களின் காலம் முடிந்துபோயிற்று. ஆனால் பழைய படங்கு ஒன்றும் தையல் ஊசியும் இருந்தால் இதை வீட்டில் செய்யலாம். சுற்றிலும் மதில் உள்ள முற்றத்தில் பந்தல் போடும்போது, கீழே காற்று அசையாது, மதிலுக்கு மேலே நல்ல காற்று ஓடும். அந்த இடத்துக்குத்தான் இது.

இப்போது பலர் செய்கிற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, மூடியில் ஓட்டை வெட்டி, மேலே சின்ன ஃபேன் வைத்து 'ஏசி' செய்கிறார்கள். ஐஸ் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இந்த ஆசை வருவது இயல்பு. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் எடுக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக எடுப்பதில் ஏழில் ஒன்று. பத்துக் கிலோ ஐஸ் முழுவதும் உருகித் தரும் குளிர்ச்சியை ஒரு தொன் ஏசி கால்மணி நேரத்தில் தந்துவிடும், அதுவும் மூடிய அறைக்குள். நாலு பக்கமும் திறந்த பந்தலில் பெட்டிக்கு முன்னால் முகத்தை வைத்திருப்பவருக்கு மட்டும்தான் சுகம். அந்த ஐஸைத் துணியில் சுற்றிப் பிடரியில் வைத்தால் அதிகம் உதவும். தேசிக்காய்த் தண்ணீரில் போட்டால் இன்னும் நல்லது.

முட்டியைப் பற்றி ஒன்று. வெயில் படக்கூடாது என்று அதைப் பந்தலின் மூலையில், மேசைக்கு அடியில் தள்ளிவைப்பார்கள். முட்டி குளிர்வது அதன் உடம்பில் கசியும் ஈரம் காற்றில் காய்வதால். அதனால் நிழலும் வேண்டும், காற்றும் வேண்டும். சாக்குத் தட்டிக்கு உட்புறம், நனைந்த மணலின் மேல், ஈரத்துணி சுற்றி வைப்பதுதான் சரியான இடம். பிளாஸ்டிக் பீப்பாய்க்கு ஈரத்துணி சுற்றினாலும் கொஞ்சம் குளிரும், முட்டியின் அளவுக்கு வராது.

சாக்கிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடிக்கக் கீழே தொட்டி வைக்கிறவர்கள் அதை இரவில் கவிழ்த்துவிட வேண்டும். 2017 மார்ச்சில் கிண்ணியா டெங்குவில் பட்டபாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தொட்டியே வைக்காமல் அந்த ஈரத்தை மணலுக்கு விடுவது இன்னும் சுலபம். பந்தலடி மணல் குளிர்ந்து கிடந்தால் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களுக்கும் ஆறுதல்.

இந்த வெக்கையிலும் வெந்நீரில் குளிக்கவென்று கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கு வரிசை கட்டி நிற்கிற கூட்டத்தைப் பற்றி அடுத்த வாரம்.