நாவிலே நின்ற விசுவாசம்

நேயர்களே, ஈழத்திலே தமிழ் எழுத்து வளர்ந்த வழிகளைப் பற்றிப் பேசிவரும் இத்தொடரில், இன்று ஒரு மறைக்கப்பட்ட வழியைக் குறித்துச் சொல்ல விரும்புகின்றேன். கத்தோலிக்க சமயம் இந்நாட்டிலே தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், அதைப் பின்பற்றிய எளிய மக்கள் தமது விசுவாசத்தை எவ்வாறு காத்துக்கொண்டனர்? காத்ததோடு அமையாது, பிள்ளைகளுக்கும் அயலாருக்கும் எவ்வாறு கையளித்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகையில் நாம் வந்து சேருமிடம் தமிழ் உரைநடையாகவே இருக்கின்றது.

யாழ்ப்பாணம் 1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே, ஆயினும் அவர்கள் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர்கள். கத்தோலிக்கரைப் போர்த்துக்கேய மன்னனின் மறைமுகக் குடிகளாகவே அவர்கள் கண்டனர். அவ்வச்சத்தினாற் குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டிலே அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என அதே ஆண்டிற் கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் புதிய சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின.

தடை வாளோடு மாத்திரம் வரவில்லை, ஏட்டோடும் வந்தது. பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைப் பள்ளிக்கூட உபாத்தியாயர் பதிந்த ஏட்டுக்குப் 'பள்ளித் தோம்பு' என்று பெயர். அதிலே பெயர் இல்லாதவனுக்கு முதுசொம் கோருவது கடினம். அரசாங்க உத்தியோகம் அறவே இல்லை. ஆகவே பலர் பகலிலே ஒல்லாந்தர் ஆலயத்துக்குச் சென்று பெயரைப் பதிந்துவிட்டு, இரவிலே கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள்.

இளமையில் இதைப் படித்தபோது நான் இவர்களை மனத்துக்குள் இகழ்ந்ததுண்டு. உறுதியிருந்தால் வெளியே சொல்லியிருக்க வேண்டாமா என்று நினைத்தேன். அந்த எண்ணம் எனக்கு எப்போது மாறிற்று என்பதைப் பின்னாற் சொல்கின்றேன்.

இவ்வாறு இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 1658இற் பிறந்த குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தானும் பிள்ளைகளைப் பெறுதற்குப் போதிய காலம் அது. பூசை எப்படி இருக்கும் என்பதைத் தாய் சொல்லக் கேட்டு மாத்திரமே அறிந்த ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. அந்த நிலையிலேதான் 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் இங்கு வந்து சேர்ந்தார். கோவாவிலே பெனோலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு பிறந்த கொங்கணியர் அவர். இலங்கைக் கத்தோலிக்கர் குருவில்லாது தவிக்கின்றனர் என்பதைக் கேள்வியுற்று, தூத்துக்குடியிலிருந்து கூலியாள் கோலத்திலே, யோவான் என்ற பணியாளரோடு படகேறி, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் அடைந்தார்.

வந்தவர் வயிற்றோட்டத்தால் நலிந்து கிடந்தார். ஊர்ப் பெண்ணொருத்தி கஞ்சி வார்த்து அவரை உயிர்பிழைக்க வைத்தாள் என்பது மரபுச் செய்தி. எழுந்து நடக்கத் தொடங்கியதும் அவருக்கு ஒரு பெரிய இடர் எதிர்ப்பட்டது. தெருவிலே காணும் மனிதரில் யார் கத்தோலிக்கர்? கேட்கவும் முடியாது, தான் யார் எனச் சொல்லவும் முடியாது. ஆகவே கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டார் முகத்திலே ஒரு மாற்றம் தெரிகின்றது என்று பார்த்தார். அவ்வாறே ஒரு குடும்பம் அவரை இனங்கண்டது; ஒன்றிலிருந்து மற்றொன்றாகச் செய்தி பரவிற்று. பின்னர் சில்லாலைக் கிராமத்தவர்கள் அவருக்கு அரணாயினர். அங்கிருந்துகொண்டு தமிழைக் கற்றார், இரவிலே பூசை ஒப்புக்கொடுத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். அவர் தேடிய மக்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்; இருபத்தொன்பது ஆண்டுகளின் பின்னும் செபமாலையைக் கண்டு முகம் மாறக்கூடியவர்களாக இருந்தார்கள். அது எப்படி இயன்றது? தாய்மார் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். முதியவர்கள் சாகும் தறுவாயிற் கிடந்தவர்களின் காதிலே இயேசுவின் நாமத்தைச் சொன்னார்கள். நெஞ்சுக்குள்ளே மாத்திரம் பூட்டி வைத்திருந்தால் அது அந்தத் தலைமுறையோடு முடிந்திருக்கும். ஒருவர் மற்றொருவருக்குச் சொன்னமையாலேயே அது பிழைத்தது. விசுவாசத்தைக் காத்தலும் பகிர்தலும் இரு வேறு காரியங்கள் என்று நாம் எண்ணுகின்றோம். அம்மக்களுக்கோ அவை ஒன்றாகவே இருந்தன.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 1689ஆம் ஆண்டளவில், நத்தார் இரவுப் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்த வீரர்கள் வளைத்துப் பிடித்தனர். குரு தப்பிக்கொண்டார். முதன்மையானோர் எனக் கருதப்பட்டோர் கசையடி பட்டுச் சிறை சென்றனர். அவர்களுள் ஒருவர் அடியின் காயத்தினாலேயே உயிர்நீத்தார் என்பர். குருவைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவர்கள் வீடு திரும்பியிருக்கலாம்.

தம்மால் மக்களுக்கு மேலும் இன்னல் வரலாகாது எனக் கருதிய அடிகளார், ஒல்லாந்தர் ஆட்சிக்கு வெளியே கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தின் பேரில் அங்கும் சிறை கிடைத்தது. ஆயினும் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் காலப்போக்கில் அவரைப் புரிந்துகொண்டான். 1697இலே பெரியம்மை நோய் கண்டி நகரை வாட்டியபோது, பலர் நோயாளரைக் கைவிட்டு ஓட, அடிகளார் அவர்களைச் சமய பேதமின்றித் தூக்கி வைத்துப் பராமரித்தார். அதன்பின் அவருக்கு அந்த இராச்சியத்திலே தடையிருக்கவில்லை. கிறிஸ்தவ ஆட்சியாளர் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த அரசனே நிழல் தந்தான் என்பதை இந்நாட்டவர் நாம் மறத்தலாகாது. 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் அவர் கண்டியிலேயே மறைந்தார்.

ஒரு சில குருமார் நாடு முழுவதும் ஒளிந்து நடந்து பணிசெய்த நிலையில், ஓர் ஊருக்கு ஆண்டிலே ஓரிரு தடவை குரு வந்தாற் பெரிது. ஏனைய நாட்களில் ஊரை நடத்தியவர்கள் 'மூப்பர்' என்றும் 'அண்ணாவியார்' என்றும் அழைக்கப்பட்ட பொதுநிலையினரே. அண்ணாவியார் என்றதும் இன்று நமக்கு நாட்டுக்கூத்துப் பழக்குபவரே நினைவுக்கு வருவார். அன்று அவர் செபம் சொல்லிக்கொடுப்பவர், ஞானோபதேசம் படிப்பிப்பவர். அவர் கையிலே என்ன நூல் இருந்தது என்ற வினாவிலேதான் இலக்கிய வரலாறு நுழைகின்றது.

விடை தந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார். 1676இலே கோவாவின் திவார் தீவிற் பிறந்து, 1705இல் இலங்கை வந்தார். சிங்களத்தையும் தமிழையும் முறையாகக் கற்று, இரு மொழிகளிலும் எழுதினார், அகராதிகளும் தொகுத்தார். சிங்களத்திலே 'தேவ வேத புராணய', தமிழிலே 'தேவ அருள்வேத புராணம்' முதலியன அவர் ஆக்கங்கள். தவக்காலத்திலே வாசிக்கப்படும் 'வியாகுலப் பிரசங்கம்' அவர் பெயராலேயே வழங்கி வருகின்றது. 1742இல் போலவத்தையிலே காலமானார்.

அவர் நூல்கள் அச்சேறாமலே பரவியவை. கொழும்பிலே அச்சுக்கூடம் இருந்ததுண்மை; அது ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவ்வச்சுக்கூடத்தாலும் தமிழ் கிறிஸ்தவ எழுத்துப் பயன் பெற்றது என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். எனினும் கொன்சால்வெஸ் சுவாமியாரின் நூல்கள் படியெடுப்போர் கையால் எழுதப்பட்டு, மறைவாக ஊர்ஊராகச் சென்றன.

இதே காலத்திலே தமிழகத்தில் வீரமாமுனிவர் 1726இலே 'தேம்பாவணி' என்னும் காப்பியத்தை இயற்றினார் என்பதை நேயர்கள் அறிவார்கள். புலவர் அவையிலே வைத்து மதிக்கத்தக்க நூல் அது. கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதிய சூழலோ வேறு. இருட்டறையிலே, சிறு விளக்கின் முன்னே, அண்ணாவியார் ஒருவர் தாழ்ந்த குரலில் வாசிக்க, எழுத்தறியாத மக்கள் கேட்டு மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும். ஆதலால் அவர் நடை காதுக்காக அமைந்தது. சொன்னதையே சற்று மாற்றி மீண்டும் சொல்லுதல், மூச்சு விடும் இடத்திலே வாக்கியத்தை நிறுத்துதல், கேள்வி கேட்டு நிறுத்துதல் முதலியவற்றை அதிலே காணலாம். வியாகுலப் பிரசங்கத்திலே, மகனை இழந்த மாதாவின் துயரம் நம்மூர்ப் பெண்கள் சாவீட்டிலே சொல்லி அழும் ஒப்பாரியின் சாயலைப் பெறுகின்றது. அதனை வெறுமனே வாசிப்பதில்லை. இராகத்தோடு இழுத்து வாசிப்பார்கள். மன்னார்ப் பகுதியிலே பேசாலை போன்ற ஊர்களில், திருப்பாடுகளின் உருவங்களை வைத்துக் காட்டும் உடக்குப்பாசோடும் இவ்வாசிப்பு இணைந்து வளர்ந்தது.

நான் பின்னாற் சொல்வதாகக் கூறியது இதுதான். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத முடிவில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். ஒரு பாடசாலை மண்டபத்திலே பல குடும்பங்கள். பாய்க்கும் பாய்க்கும் இடையே ஒரு சேலைதான் சுவர். அடுத்த ஆண்டுத் தவக்காலமும் அங்கேயே வந்தது. பெரிய வெள்ளியன்று சுவாமியார் வேறொரு முகாமுக்குப் போயிருந்தார். எங்கள் அம்மம்மாவுக்கு அப்போது எண்பது வயது. ஆண்டுதோறும் கோயிலிலே வியாகுலப் பிரசங்கம் கேட்டவர். எழுதப்படிக்க அதிகம் தெரியாதவர். பின்னேரம் மூன்று மணிக்கு அவர் சுவரோடு சாய்ந்திருந்து, தமக்கு நினைவிருந்த பகுதியை அந்த இராகத்திலேயே மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

எனக்குப் பயமாக இருந்தது. மண்டபத்திலே பெரும்பாலானோர் சைவர்கள்; அவர்களுக்கு இடைஞ்சலாகுமோ என்று எண்ணினேன். "அம்மம்மா, மெதுவாச் சொல்லுங்கோ" என்றேன். அவர் நிறுத்திவிட்டார். சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சைவப் பெண்மணி எட்டிப் பார்த்தார். சில மாதங்களுக்கு முன் ஷெல் விழுந்து தம் மகனைப் பறிகொடுத்தவர் அவர்.

"ஏன் ஆச்சி நிப்பாட்டிப் போட்டியள்? அந்தத் தாய் சொல்லி அழுறதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"புத்தகம் வீட்டிலை கிடக்குது பிள்ளை. எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லுறன், கேளுங்கோ" என்றார் அம்மம்மா.

இம்முறை குரலைத் தாழ்த்தவில்லை. அந்தப் பெண்மணி மகன் இறந்தபின் அன்றுதான் வாய்விட்டு அழுதார் என்று அவருடைய தங்கை பின்னர் எனக்குச் சொன்னார். அழுது முடித்ததும் எழுந்துபோய்த் தம் அடுப்பிலே காய்ச்சிய கஞ்சியிலே ஒரு செம்பு கொண்டுவந்து, விரதமிருந்த அம்மம்மாவுக்குக் கொடுத்தார். அவர் சமயம் மாறவில்லை. அம்மம்மாவும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அம்மம்மாவிடமிருந்த ஒரு பொருள் அன்று அவருக்கும் உரியதாயிற்று.

அன்றுதான் நான் பகலிலே தோம்பிற் பதிந்து இரவிலே செபமாலை சொன்ன முன்னோரை இகழ்வதை விட்டேன். "மெதுவாச் சொல்லுங்கோ" என்று பயந்தவன் நானல்லவா? அஞ்சுவது மனித இயல்பு. அச்சத்தின் நடுவிலும் அடுத்தவருக்கு ஒரு சொல்லைக் கொடுத்தார்களா என்பதுவே கேட்கத்தக்க கேள்வி. அவர்கள் கொடுத்தார்கள். கொடுத்திராவிட்டால் எங்கள் அம்மம்மாவின் நாவுக்கு அது வந்து சேர்ந்திராது.

ஒல்லாந்தர் ஆட்சி 1796இலே முடிந்தது. கத்தோலிக்கர் மீதான தடைகளை 1806இலே பிரித்தானிய ஆட்சி நீக்கியது. யோசேப் வாஸ் அடிகளாரை 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் நாள் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். பெருந்திரளான மக்கள் பகிரங்கமாகக் கூடிநின்ற அந்நிகழ்ச்சியை நான் வீட்டிலிருந்து பார்த்தேன். அம்மம்மா அப்போது இல்லை. செபமாலையைக் கண்டு முகம் மாறிய அந்த முதற்குடும்பத்தின் பெயரும் எனக்குத் தெரியாது.

நேயர்களே, வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் உங்கள் ஊர்களிலே இன்னமும் இருக்கக்கூடும். எச்சமயத்தவராயினும் ஒரு தவக்காலத்திலே அவர்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். கேட்டதில் ஒரு பகுதியையாவது மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை வீட்டிலே விட்டுவிட்டு ஓடவேண்டிய நாள் எவருக்கும் வரக்கூடாது என்பதே என் செபம்.