தாய்ப்பலகைக்கு ஏற்ற ஞாபகசக்தி

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் எதைப் பார்க்கப் போகிறார்கள்? ஏரியைப் பார்ப்பார்கள், கோக்கர்ஸ் வாக்கில் நடப்பார்கள், தூண் பாறையை மேகம் மூடிக்கொண்டு விட்டதே என்று வருத்தப்படுவார்கள். 2025 டிசம்பர் விடுமுறையில் நான் அங்கே போய்ப் பார்த்தது என்ன தெரியுமா? என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் மேல் செய்தித்தாளை விரித்துப் பிரித்துப் போட்டிருந்த ஒரு கம்ப்யூட்டரை!

வெளியே ஏரிக்கரைப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. உள்ளே தங்கை மகனின் முகம் அதைவிட வெளுத்திருந்தது.

"பெரியம்மா, நீங்களே பாருங்க. எவ்வளவு அமுக்கினாலும் உட்கார மாட்டேங்குது!" என்றான். கையில் விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டை.

"அமுக்காதேடா! உடைஞ்சு போனா யார் கொடுப்பா?" என்று தங்கை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

அவள் பதறியதில் நியாயம் உண்டு. இரண்டு சீஸன்களாக வீட்டில் சாக்லேட் கிளறி, அச்சில் ஊற்றி, காகிதம் சுற்றிக் கடைகளுக்குப் போட்டுச் சேர்த்த பணம் அது. பையன் இன்ஜினீயரிங் முதல் வருஷம். படிப்புக்கும் வேண்டும், 'கேம்' ஆடவும் வேண்டும். தயாராக விற்பதை வாங்கினால் விலை கட்டவில்லை. பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிக்கொள்கிறேன் என்றான், அவளும் சம்மதித்துவிட்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கலாம். வராவிட்டால், அடுத்த பரீட்சை முடிந்ததும் வரும். "எனக்கு என்ன தெரியும், நீயே பார்த்து வாங்கிக்கொள்" என்று பணத்தை நீட்டிவிடாதீர்கள். புடவையின் ஜரிகையைத் தடவிப் பார்த்தே தரம் சொல்கிற நமக்கு இது ஒன்றும் பெரிய வித்தையல்ல. இரண்டே பொருள்களைப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று 'மதர்போர்டு' என்கிற தாய்ப்பலகை. மற்றொன்று 'ரேம்' என்கிற ஞாபகசக்தி.

மேஜையும் அலமாரியும்

கொடைக்கானலில் சூரியனை ஆராய்கிற கூடம் ஒன்று 1899-லிருந்து இருக்கிறது. 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து, கண்ணாடித் தகடுகளிலும் பிலிம்களிலும் சேர்த்து வைத்தார்கள். இன்று அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அலமாரியில் வருஷக் கணக்கான தகடுகள். அன்றைக்கு வேண்டியவற்றை எடுத்து மேஜையில் பரப்பிக்கொண்டு வேலை செய்வார். வேலை முடிந்தால் மேஜை காலி; அலமாரி அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரில் அலமாரிக்குப் பெயர் எஸ்.எஸ்.டி. மேஜைதான் ரேம். மின்சாரம் போனால் மேஜையில் இருப்பது போய்விடும். அலமாரியில் இருப்பது போகாது.

மேஜை சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்துவர ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விளையாட்டு நடுவில் திக்கித் திக்கி நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இன்றைய விளையாட்டுகளுக்கு 8 ஜி.பி. மேஜை போதாது. 16 ஜி.பி. இருந்தால் சிக்கனக் குடும்பம் நிம்மதியாக நடக்கும். 32 ஜி.பி. வசதி உள்ளவர்களுக்கு.

தாய் சொல்லைத் தட்டாதே

பையன் செய்த தவறு என்ன? அதைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவன் வாங்கிய ப்ராஸஸரின் பெயர் 'ரைஸன் 5 5600ஜி'. ஆயுத பூஜைத் தள்ளுபடியில் 5600 வேகம் என்று அச்சிட்ட 16 ஜி.பி. ரேம் ஒன்று கண்ணில் பட்டது. அதிலும் 5600, இதிலும் 5600! ஜாதகப் பொருத்தம் அமோகம் என்று வாங்கிவிட்டான்.

வாங்குமுன் தாயாரைக் கேட்டானா? என் தங்கையைச் சொல்லவில்லை, தாய்ப்பலகையைச் சொல்கிறேன். ப்ராஸஸர், ரேம், அலமாரி, விசிறி எல்லாம் வந்து சேர்கிற இடம் அதுதான். யார் யாரோடு பேசுவது என்பதும் அதன் வழியாகத்தான். வீட்டுத் தாயார் மாதிரியேதான்: நன்றாக இருக்கும் வரையில் யாரும் கவனிக்க மாட்டார்கள், படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும்!

இன்று கடைகளில் இரண்டு தலைமுறை ரேம்கள் கிடைக்கின்றன. 2014 வாக்கில் வந்தது டி.டி.ஆர். 4. அதற்குப் பிறகு வந்தது டி.டி.ஆர். 5. இரண்டுக்கும் ஒரே நீளம். இரண்டுக்கும் 288 பற்கள். ஆனால் அடிப்பக்கத்து வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எந்த பீமசேனன் அமுக்கினாலும் உட்காராது. உட்காரக் கூடாது என்றுதான் அப்படி வெட்டியிருக்கிறார்கள்.

ஏ.எம்.டி. கம்பெனியின் 'ஏ.எம். 4' பலகைகள் டி.டி.ஆர். 4-ஐ மட்டும் ஏற்கும். 2022-ல் வந்த 'ஏ.எம். 5' பலகைகள் டி.டி.ஆர். 5-ஐ மட்டும் ஏற்கும். இண்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை ப்ராஸஸர்களுக்கு இரண்டு வகைப் பலகையும் உண்டு. பெட்டியின் மேல் எது எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். நம் பையனுடைய பலகை ஏ.எம். 4, வாங்கிய ரேமோ டி.டி.ஆர். 5. ஆக, முதலில் ப்ராஸஸர், பிறகு அதற்கேற்ற பலகை, கடைசியில் பலகைக்கேற்ற ரேம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒற்றைப் பாதையா, இரட்டைப் பாதையா?

சென்னைக்குத் திரும்பியதும் அந்த ரேமையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோடு என்று நாம் இன்னும் சொல்கிற அண்ணா சாலையை ஒட்டிய தெரு. ஒயர், பல்பு, ரேடியோ சாமான் முதல் கம்ப்யூட்டர் வரை அங்கே கிடைக்கும். நரைத்த மீசைக்காரர் ஒருவரின் கடையில் ஏறி விஷயத்தைச் சொன்னேன்.

"16 ஜி.பி. வேணும்னா ஒரே பட்டையா வாங்காதீங்கம்மா. எட்டும் எட்டுமா ஜோடியா வாங்குங்க" என்றார் அவர்.

ஏன்? வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்தபோது, ஒரு பக்கம் அடைபட்டால் வண்டிகள் என்ன பாடுபடும் என்பதை மலைவாசிகள் கண்டார்கள். ரேம் ஒற்றையாக இருந்தால் ப்ராஸஸருக்கு ஒரு பாதைதான். ஜோடியாக இருந்தால் இரண்டு பாதையிலும் போக்குவரத்து நடக்கும்.

எங்கள் பையனுக்கு இது இன்னும் முக்கியம். 5600ஜி என்பது படம் காட்டும் வேலையையும் தானே பார்த்துக்கொள்கிற ப்ராஸஸர். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வரையில் படத்துக்கும் ரேமிலிருந்துதான் கடன் வாங்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஜோடி ரேம் விளையாட்டின் ஓட்டத்தை நன்றாகவே உயர்த்திவிடும்.

நான்கு இடமுள்ள பலகையில் ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. ப்ராஸஸரிலிருந்து எண்ணிப் பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது இடங்கள். பலகையோடு வரும் புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்

ரேமின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வேகம், மற்றொன்று 'சி.எல்.' என்கிற தாமதம். முதலாவது பெரிதாக இருப்பது நல்லது. இரண்டாவது சிறிதாக இருப்பது நல்லது. ஒரு சின்னக் கணக்கு: சி.எல். எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்துவிடுங்கள். 3200 வேகம், சி.எல். 16 என்றால் 10 நானோ செகண்ட். 6000 வேகம், சி.எல். 30 என்றாலும் அதே 10. ஆனால் 6000 வேகம், சி.எல். 40 என்றால் 13-க்கு மேல் போய்விடும். டி.டி.ஆர். 4-க்கு 3200-16-ம், டி.டி.ஆர். 5-க்கு 6000-30-ம் நல்ல பொருத்தங்கள்.

இன்னொரு ரகசியம். 3200 என்று விற்ற ரேம் பெரும்பாலும் பூட்டிய உடனே அந்த வேகத்தில் ஓடாது. 2133 அல்லது 2400-ல் சோம்பலாக நடக்கும். கம்ப்யூட்டரின் 'பயாஸ்' பக்கத்துக்குப் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்பதை இயக்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் வருஷக் கணக்கில் அரை வேகத்தில் ஓட்டுகிறவர்கள் உண்டு. டி.டி.ஆர். 5 வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முதல் தடவை சில நிமிஷங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். ரேமோடு பழகிக்கொள்கிறது, பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள்.

எந்தப் பலகை நல்லது?

விளக்கு மினுக்குகிற பலகையைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஆசை வரும். அந்த விளக்குக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். நான்கு சங்கதிகளைக் கேளுங்கள்:

ரேமுக்கு எத்தனை இடம்? நான்கு இருந்தால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இண்டெலின் ஹெச் 610 வகைப் பலகைகளில் இரண்டுதான்.

மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் மேல் உலோகக் கவசம் இருக்கிறதா? சூட்டை அதுதான் வாங்கிக்கொள்கிறது.

எஸ்.எஸ்.டி.க்கு எத்தனை இடம்? ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் அலமாரியையும் பெருக்கலாம்.

இந்தப் ப்ராஸஸரைப் பலகை இப்போதே அடையாளம் காணுமா? பழைய சரக்கானால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

மலை வீட்டுக்குத் தனி வைத்தியம்

கொடைக்கானலில் ஜன்னலைத் திறந்தால் மேகமே விருந்தாளியாக உள்ளே வந்துவிடும். குளிர்ந்து கிடக்கும் கம்ப்யூட்டரின் பக்கத்தில் வெந்நீர் கொதித்தால், பஸ் கண்ணாடியில் படிவது போல அதன்மேலும் ஈரம் படியும். ஆகவே அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் தூரமாக வையுங்கள். கீழேயிருந்து வந்த பார்சலைச் சில மணி நேரம் அறையில் வைத்திருந்து பிறகு பிரியுங்கள். மின்னலடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். 'எர்த்' சரியாக இருக்கிறதா என்று ஒயர்மேனை ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு; விசிறி தள்ளும் காற்றுக்குச் சூட்டை வாங்கும் சக்தியும் குறைவு. நல்ல வேளையாக மலைக் குளிர் அதை ஈடு செய்துவிடுகிறது!

கடைசியில் என்ன ஆயிற்று?

அந்தத் தவறான ரேமை மீசைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பில் இருக்காம்மா?" என்றார். என் தங்கை அதை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். மஞ்சள் பொடி வாசனையோடு எடுத்துக் கொடுத்தேன்.

அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் அசந்துபோனேன். வாங்கிய விலையைவிட அதிகம்! உலகத்து ரேம் சில்லுகளில் பெரும் பகுதியைச் சாம்ஸங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடங்கள் அந்தச் சில்லுகளை அள்ளிக்கொள்ள, 2025 கடைசியில் சில்லறை விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வீட்டுக்காரர்களுக்கு ரேம் விற்றுவந்த தன் 'க்ரூஷியல்' வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் டி.டி.ஆர். 4 ஜோடியின் விலையைச் சொன்னார். அதுவும் ஏறியிருந்தது! வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாயிற்று. பையன் செய்த பிழை காலத்தின் கோலத்தால் நஷ்டமில்லாமல் முடிந்தது. இதை நம்பி யாரும் பிழை செய்ய வேண்டாம். இன்னொரு வருஷம் விலை இறங்கியிருக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

நான்கு நாள் கழித்துக் கொடைக்கானலிலிருந்து டெலிபோன் வந்தது.

"அக்கா, 'டக்'குனு சத்தம் கேட்டுது. ரெண்டும் உட்கார்ந்துடுச்சு!" என்றாள் தங்கை. பின்னாலிருந்து ஏதோ மோட்டார் பந்தய இரைச்சல்.

"யார் விளையாடறது? பையனா?" என்றேன்.

"அவன் காலேஜுக்குப் போயிட்டான்" என்றாள்.