பஞ்சநாமாவில் இல்லாத கேள்வி

வீட்டில் வழுக்கி விழுந்த பெரியவர் அந்த அடியினால் இறந்துபோனால், சட்டத்தின் கண்ணில் அது விபத்து மரணம். போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். நம்மவர் பலருக்கு இது அந்த வேளையில்தான் தெரியவருகிறது. துக்கத்தோடு அலைச்சலும் சேர்ந்துகொள்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவின்படி, அதிகாரி நேரில் வந்து, அக்கம்பக்கத்தார் இருவரையாவது வைத்துக்கொண்டு காயங்களையும் மரணத்தின் காரணத்தையும் எழுதுவார். சாகணில் இதைப் ‘பஞ்சநாமா’ என்றால்தான் எல்லோருக்கும் புரியும்.

இதற்கு யாராவது குற்றவாளியா என்பதுதான் அங்கே முக்கியம். சந்தேகமில்லை என்றால் கோப்பு மூடப்படும். என்ன செய்திருந்தால் அவர் விழுந்திருக்கமாட்டார் என்று கேட்பாரில்லை. 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி மும்பையில் மரண விசாரணைக்கென்றே ‘கொரோனர்’ ஒருவர் இருந்தார்; 1999-ல் அந்தப் பதவியும் போயிற்று.

அம்முறை பிறந்த இங்கிலாந்தில் கொரோனரின் வேலை காரணத்தைக் கண்டறிவதோடு முடிவதில்லை. இதேபோல் இன்னொரு மரணம் நேரக்கூடும் என்று கண்டால், சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரிக்கோ முதியோர் இல்லத்துக்கோ அவர் அறிக்கை அனுப்பியாக வேண்டும். 56 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். இவை பொதுமக்கள் படிக்கவும் கிடைக்கின்றன. விழுந்து இறந்தவர்களைப் பற்றியவற்றில் அடிக்கடி காண்பது இது: முன்பும் விழுந்திருக்கிறார், அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நம் வீடுகளிலும் இதே கதைதான். ஊரிலிருந்து வந்த அம்மா இரவில் பாத்ரூம் வாசலில் சறுக்கியிருப்பார். பிள்ளை லீவு போடவேண்டி வருமே என்று வாயைத் திறக்கமாட்டார். ஊரில் சொரசொரப்பான சிமெண்டுத் தரை. இங்கே பளபளக்கும் டைல்ஸ், டிசம்பர் குளிருக்குக் காலுறை வேறு. சுவிட்சு எந்தப் பக்கம் என்பது பழகியிராது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. தலையில் அடிபட்ட பிறகும் எழுந்து உட்கார்ந்து காபி குடிப்பார், பேசுவார். உள்ளே ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். தூக்கக் கலக்கமும் குழறலும் சில நாள் கழித்துக்கூட வரலாம். புடைப்பு சிறியதுதானே என்று பார்க்காமல் அன்றே டாக்டரிடம் காட்டி, மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.

ஒருமுறை சறுக்கினாலும் நாமே வீட்டில் ஒரு விசாரணை வைக்கலாம், கோபமில்லாமல்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், காலில் என்ன, விளக்கு எரிந்ததா, எதைப் பிடித்தார்? பெரும்பாலும் டவல் கம்பியைத்தான் பிடித்திருப்பார். அது ஆள் பாரம் தாங்காது. சுவரில் போல்ட் அடித்த கைப்பிடி வேண்டும். வாடகை வீட்டுக்காரர் தயங்கினால், காலி செய்யும்போது டைல்ஸை மாற்றித் தருவதாகச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.