சேனை வைக்கும் முன் ஒரு வார்த்தை

எச்.ஐ.வி. உள்ள தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்டால், நம்மில் முக்கால்வாசிப் பேர் "ஐயையோ, கூடவே கூடாது" என்போம். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோது, அதற்கு மருந்தே கிடையாது. அந்தக் காலத்துப் பயம் இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை.

சிகிச்சையே இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் எல்லா வழியாகவும் சேர்த்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றக்கூடும். தாய் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கியிருந்தால், பால் வழியாகத் தொற்றுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அறவே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஆயுள் முழுக்க இந்த மருந்தை இலவசமாகத் தருவது 2014 முதல் நம் அரசின் ஏற்பாடு. பிறந்த குழந்தைக்கும் குறைந்தது 6 வாரம் மருந்து சிரப் உண்டு.

ஆகவே முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே நல்லது என்கிறார்கள் நம் ஊர் டாக்டர்கள். விவரம் கேட்டறிந்த பிறகு தாய்க்கு மனம் ஒப்பவில்லையா, பவுடர் பால் மட்டும் கொடுக்கலாம். ஆனால் அதற்குக் கொதித்த தண்ணீர், சுத்தமான பாத்திரம், மாதாமாதம் பணம் எல்லாம் வேண்டும். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா அரசு பவுடர் பாலை இலவசமாகவே கொடுத்தது. 2006-இல் வெள்ளம் வந்து தண்ணீர் கெட்டதும், புட்டிப்பால் குடித்த குழந்தைகள் பலர் வயிற்றுப்போக்கில் இறந்துபோனார்கள்.

இரண்டிலும் 'மட்டும்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அங்கேதான் நம் வீடுகளில் சிக்கல்.

எங்கள் திருவண்ணாமலையில் பிள்ளை பிறந்த வீட்டில் சேனை வைக்க ஒரு அத்தை, உரை மருந்து இழைக்க ஒரு பாட்டி. தெருவில் கழுதைப்பால்காரர் குரல் கேட்டால் "ஒரு பாலாடை புகட்டும்மா, சீர் தட்டாது" என்பார்கள். எல்லாம் ஆசையில் செய்வதுதான். பச்சைக் குழந்தையின் குடல் பூப்போன்றது. தாய்ப்பாலைத் தவிர மற்றது இறங்கினால் அது புண்படும், கிருமி நுழைய வழி உண்டாகும் என்கிறார்கள். தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் பெற்ற குழந்தைகளுக்கே தொற்று அதிகம் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஆய்வு 1999-இலேயே காட்டிவிட்டது. அதற்காக, யாரோ ஒரு பாலாடை புகட்டிவிட்டார்கள் என்று தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது. மாத்திரையை விடாமல், டாக்டரிடம் சொன்னால் போதும். மார்க்காம்பில் வெடிப்போ கட்டியோ வந்தால் உடனே காட்ட வேண்டும்.

பவுடர் பாலைத் தேர்ந்தவளுக்கு வேறு விதமான கஷ்டம். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் உறவுக் கூட்டம் அப்படியே பிள்ளை பார்க்கவும் வந்துவிடும். "ஏண்டி, பால் சுரக்கலியா? பூண்டுக் குழம்பு வச்சுக் கொடுத்தீங்களா?" என்று ஆளுக்கொரு கேள்வி. பச்சை உடம்புக்காரி என்ன பதில் சொல்வாள்? எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிற சித்திக்கும் பெரியம்மாவுக்கும் எந்தச் சட்டம்? "டாக்டர் சொன்னபடி செய்யறா, விடுங்க" என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணுக்கு உயிர் வரும்.

கர்ப்பிணிகளுக்கான பரிசோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனை 'நம்பிக்கை மையத்தில்' இலவசம். 1097-க்குப் போன் போட்டும் கேட்கலாம், காசில்லை. குழந்தைக்கு 6 வாரம், 6 மாதம், 12 மாதம், 18 மாதம் என்று பரிசோதனைகள் உண்டு. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண் மூத்த பிள்ளையை உங்களிடம் விட்டுப் போக வந்தால், எங்கே என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டையும் நீங்களே ஊட்டிவிடுங்கள். அவள் திரும்ப நேரமாகும்.