கல்லீரலின் பொதுச்சுவர் வாசல்கள்

கல்லீரலில் பக்கத்துப் பக்கத்துச் செல்களை நேரடியாக இணைக்கும் நுண்குழாய்த் திரளுக்கு இடைவெளி இணைப்பு என்று பெயர். அந்த இடத்தில் இரு செல்களின் சவ்வுகளுக்கும் நடுவே 2 முதல் 4 நானோமீட்டர் இடைவெளிதான். பெரியநாயக்கன்பாளையம் பக்கத்து லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே பொதுச்சுவர். அந்தச் சுவரில் சின்னச் சின்ன வாசல்கள் வைத்தது போன்ற ஏற்பாடு இது.

குழாயைக் கட்டுவது கனெக்சின் என்ற புரதம். ஒரு செல் ஆறு கனெக்சின்களை வட்டமாக அடுக்கிப் பாதிக் குழாய் செய்யும். அடுத்த செல்லின் பாதி நேராக வந்து பொருந்தினால் வழி திறக்கும். சுமார் 1,000 டால்டன் எடைக்கு உட்பட்ட அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் நுழையும், புரதம் நுழையாது. கல்லீரல் செல்களில் பெரும்பங்கு கனெக்சின் 32, துணைக்கு கனெக்சின் 26.

இந்த வாசல்களின் அருமை சர்க்கரை தேவைப்படும்போது தெரியும். எலியின் கல்லீரலில் நரம்பு நுனிகள் பெரும்பாலும் நுண்மடல்கள் என்ற சிறு செல் தொகுதிகளின் ஓரத்தோடு நின்றுவிடும். சேமித்த சர்க்கரையை வெளியிடும்படி அங்கே வரும் கட்டளையை ஓரத்துச் செல்கள் உள்ளே இருக்கும் செல்களுக்குக் கைமாற்றுகின்றன. கனெக்சின் 32 இல்லாத சுண்டெலிகளில் நரம்பைத் தூண்டியபோது கல்லீரல் விட்ட குளுக்கோஸ் வெகுவாகக் குறைந்ததை 1996இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதக் கல்லீரலில் நரம்பு இன்னும் உள்ளே வரை செல்கிறது. ஆனாலும் வாசல்கள் உண்டு.

வாசல் எப்போதும் திறந்தே இருப்பதில்லை. ஒரு செல் சிதைந்து அதற்குள் கால்சியம் ஏறினால் குழாய் மூடிக்கொள்ளும். அழிவு பக்கத்துச் செல்லுக்குப் பரவாது. எலிக் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால், மிச்சமிருக்கும் செல்கள் பெருகும்போது இந்த இணைப்புகள் சிறிது காலம் மறைந்து, பிறகு திரும்ப வருகின்றன. எலியின் கல்லீரல் புற்றுச்செல்களுக்கு இடையே இந்த வாசல்வழித் தொடர்பே அற்றுப்போயிருப்பதை லோவன்ஸ்டைன், கன்னோ என்ற ஆய்வாளர்கள் 1966இலேயே கண்டார்கள்.

துணைப் புரதமான கனெக்சின் 26 நம் நாட்டுக் குடும்பங்களுக்கு வேறொரு வழியில் நெருக்கமானது. உள்காதுக்கும் அதுவே வேண்டும். 226 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம், குறிப்பிட்ட ஒரே ஒரு மரபெழுத்து மாறினால் 24ஆவது இடத்தில் அறுந்துவிடுகிறது. இந்தியாவில் பிறவிச் செவிட்டுத்தன்மை உள்ளவர்களிடம் கனெக்சின் 26 மரபணுவில் அதிகம் காணப்படும் பிழை இதுதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் குழந்தைக்குக் காது கேட்காது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடும். அந்தக் குழந்தைகளின் கல்லீரலுக்கு இதனால் நோய் வருவதில்லை. அங்கே கனெக்சின் 32 இருக்கிறது.