பெட்டிக்கு அளவெடுக்கும் எழுத்து எது தெரியுமா?

எக்செல்லில் புதுத் தாள் ஒன்றைத் திறந்தால் நெடுவரிசையின் அகலம் 8.43 என்று காட்டுமே, அது எதனுடைய 8.43 தெரியுமா? மில்லிமீட்டர் இல்லை. அங்குலம் இல்லை. பூஜ்யம்! ஆமாம், எட்டரைக்குக் கொஞ்சம் குறைவாகப் பூஜ்யங்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு. பல ஆண்டுகள் எக்செல்லின் இயல்பு ஃபான்டாக இருந்த காலிப்ரி 11-இல் ஒரு 0-வின் அகலம் 7 பிக்சல். நெடுவரிசை மொத்தம் 64 பிக்சல். ஓரத்துக்கும் கோட்டுக்குமாக 5 போனால் மிச்சம் 59. அதை 7-ஆல் வகுத்துப் பாருங்கள்!

ஏன் பூஜ்யம்? பெரும்பாலான ஃபான்டுகளில் 0 முதல் 9 வரை எல்லா எண்ணும் ஒரே அகலம். பேரேட்டில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்க வேண்டாமா? ஆங்கில 'ஐ' ஒல்லி, 'டபிள்யூ' குண்டு; எண்கள் மட்டும் ஒரே அளவில் தைத்த சீருடைக்காரர்கள். அதில் ஒருவனைப் பிடித்து அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பூஜ்ய மோகம் எக்செல்லோடு நிற்கவில்லை. இணையப் பக்கங்களை அலங்கரிக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'சிஹெச்' என்றொரு அலகு உண்டு. அதுவும் ஒரு 0-வின் அகலம்தான். பைத்தான் படிக்கும் பிள்ளைகள் முதலில் தொடும் டிகின்டரில் எழுதும் பெட்டிக்கு 'அகலம் 20' என்று எழுதினால், அங்கேயும் 20 பூஜ்யம். ஜாவாவில் பெட்டிகள் செய்யும் ஸ்விங் கொஞ்சம் தாராளப் பிரபு. அது 'எம்' என்ற சின்ன எழுத்தால் அளக்கிறது! எம் எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும். ஜாவா பெட்டிகள் தொளதொளவென்று தெரிவதன் ரகசியம் இப்போது புரிகிறதா?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது க்யூட் என்ற கருவித்தொகுப்பு. அதன் ஒற்றைவரிப் பெட்டி, 'எனக்கு இவ்வளவு இடம் போதும்' என்று கேட்பது பதினேழு சின்ன 'எக்ஸ்' எழுத்துகளின் அகலத்தை. ஏன் பதினாறு இல்லை, பதினெட்டு இல்லை? மூலநிரலில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் விளக்கம்: 'சம்'. அதாவது, 'ஏதோ கொஞ்சம்'! உலகமெங்கும் எத்தனையோ மென்பொருள்களின் பெட்டிகள் ஒருவர் 'ஏதோ கொஞ்சம்' என்று வைத்த அளவில் நிற்கின்றன.

பல வரி எழுதும் பெரிய பெட்டியின் கதை இன்னும் சுவாரசியம். டிகின்டருக்குப் பின்னால் இருக்கும் டிகே கருவித்தொகுப்பில் அளவே சொல்லாமல் அப்படி ஒரு பெட்டியை உருவாக்குங்கள். 80 எழுத்து அகலம், 24 வரி உயரத்தில் வந்து நிற்கும். எங்கோ பார்த்த எண்களா? 1978-இல் வந்த விடி100 டெர்மினலின் திரை அதே 80-க்கு 24! அந்த 80-ஐத் துருவிக்கொண்டு போனால், 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த 80 நெடுவரிசைத் துளை அட்டை வரை போகலாம். க்யூட்டின் பெரிய பெட்டியில் இன்னொரு பழைய சாயல்: 256 பிக்சலுக்கு 192. சரியாக நாலுக்கு மூன்று, நம் வீட்டுப் பழைய டிவிப் பெட்டியின் கணக்கு!

சரி, எழுத்துதான் உள்ளேயே இருக்கிறதே, பெட்டி தன்னைத் தானே அளந்துகொள்ளக் கூடாதா? இங்கேதான் கோழியா முட்டையா வழக்கு. உயரம் தெரிய எத்தனை வரி என்று தெரிய வேண்டும். எத்தனை வரி என்பது அகலத்தைப் பொறுத்தது. அகலத்தை யார் சொல்வது? வெளியே இருக்கும் ஜன்னல். ஜன்னலோ, 'உள்ளே இருப்பவர்கள் அளவு சொல்லட்டும், பிறகு நான் விரிகிறேன்' என்று உட்கார்ந்திருக்கும். டிகேயில் ஜன்னல் திரைக்கு வரும் முன்பே பெட்டியிடம் அகலம் கேட்டுப் பாருங்கள்: 1 பிக்சல் என்று பதில் வரும்! புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த 1-ஐப் பார்த்துத்தான். 2011-இல் வந்த ஜிடிகே 3 என்ற கருவித்தொகுப்பு இதற்கு ஒரு பேச்சுவார்த்தை முறையே கொண்டுவந்தது. 'இவ்வளவு அகலம் தந்தால் எவ்வளவு உயரம் வேண்டும்?' என்று ஜன்னலுக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பிடமும் கேட்டுவிட்டுத்தான் இடம் ஒதுக்கும்.

நடுவில் ஸ்க்ரோல்பார் வேறு! அது வந்து நின்றால் பெட்டியின் அகலம் கொஞ்சம் குறையும். குறைந்தால் வரி மடியும். மடிந்தால் ஒரு வரி கூடும். கூடினால் ஸ்க்ரோல்பார் தேவைதான்! வேலையே இல்லாத இடத்துக்கு வந்து, தனக்கு வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இப்படி ஒரு பிறவியை வேறெங்கும் பார்க்க முடியாது. (முடியும், பெயர் சொல்ல வேண்டாம்.)

இணையப் பக்கத்தில் கருத்து எழுதும் பெட்டி, தட்டத் தட்ட வளருமே? அதற்குப் பின்னால் இருக்கும் தந்திரம் தெரியுமா? உள்ளே இருக்கும் எழுத்தின் முழு உயரத்தை உலாவியிடம் கேட்டு, அதையே பெட்டிக்கு உயரமாக வைக்கிறார்கள். ஆனால் உலாவி சொல்லும் அந்த எண் பெட்டியின் இப்போதைய உயரத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. வளரத் தெரியும், சுருங்கத் தெரியாது! பத்து வரி எழுதி ஒன்பதை அழித்தாலும் பெட்டி அப்படியே ஆளில்லாக் கல்யாண மண்டபம்போல் கிடக்கும். அதனால் ஒவ்வொரு தட்டலிலும் முதலில் உயரத்தை அழித்து, பிறகு அளந்து, பிறகு வைக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பெட்டி ஒவ்வொரு முறையும் இடிந்து எழுகிறது.

இன்னொரு கூட்டம் செய்தது அதைவிட விநோதம். பெட்டிக்குப் பின்னால், அதே இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இரட்டைப் பிறவி! நீங்கள் எழுதுவதெல்லாம் அதிலும் எழுதப்படும். வளரத் தெரிந்த அது வளர்ந்து பெட்டியையும் இழுத்துக்கொண்டு போகும். அதிலும் ஒரு நுணுக்கம்: இரட்டைக்குத் தரும் எழுத்தின் கடைசியில் ஓர் இடைவெளியை ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் என்டர் தட்டிய வெற்று வரியை அது கணக்கில் சேர்க்காது. ஒற்றை வரி சிஎஸ்எஸ்ஸில் இந்தக் கூத்தையெல்லாம் முடித்துவைக்கும் வசதி குரோம் 123-இல், 2024 மார்ச்சில்தான் வந்தது. இந்தப் பெட்டி இடம்பெற்ற ஹெச்டிஎம்எல் 2.0 வெளியான ஆண்டோ 1995!

ஆண்ட்ராய்டு இதைத் தலைகீழாகப் போட்டது. 2017-இல் வந்த 8.0 பதிப்பில், சட்டையை விட்டுவிட்டு ஆளைச் சுருக்க ஆரம்பித்தார்கள்! பெட்டியின் அளவு மாறாது. எழுத்துதான் அளவில் 112-லிருந்து 12 வரை இறங்கி உள்ளே அடங்கிக்கொள்ளும். படிக்கும் எழுத்துக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, நாம் எழுதும் பெட்டிக்குக் கிடையாது.

மொழிபெயர்ப்பு வந்தால் இதெல்லாம் இன்னொரு சுற்று. பத்து எழுத்துக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல் வேறு மொழிக்குப் போனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இடம் வேண்டும் என்று ஐபிஎம் ஒரு அட்டவணையே வைத்திருந்தது. 70 எழுத்தைத் தாண்டினால் 130 சதவீதம் போதும். 'வ்யூஸ்' என்ற ஐந்தெழுத்து இத்தாலியனில் 'விசுவலிட்சாட்சியோனி', பதினைந்து எழுத்து! ஜூன் மாதம் யூனிஃபார்ம் தைக்கும்போது 'வளர்ற பையன், கொஞ்சம் லூசா வைங்க' என்று டெய்லரிடம் நம் அம்மாக்கள் சொல்வது இதே அட்டவணைதான்.

இனி நம் எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. பைத்தானைக் கேளுங்கள்: ஐந்து என்னும்! இன்னும் கேளுங்கள். 'க்' என்பதற்கு யூனிகோடில் இரண்டு குறிகள், 'கௌ' என்பதற்கும் இரண்டே குறிகள். ஆனால் முன்னதில் புள்ளி தலைமேல் ஏறிக்கொள்வதால் ஓர் எழுத்து அகலம். பின்னதில் முன்னும் பின்னும் ஆள் நிறுத்தி மூன்று எழுத்து அகலம். எண்ணிக்கையை வைத்துப் பெட்டி செய்தால் ஒன்றில் காற்றாடும், மற்றதில் பிதுங்கும். எழுத்துகளை ஒட்டவைத்து உண்மையான அகலத்தைச் சொல்ல ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு மென்பொருள் வேண்டும். ஓப்பன்டைப் என்பதன் பாரசீக மொழிபெயர்ப்புதான் அந்தப் பெயர்: 'ஹர்ஃப்' எழுத்து, 'பாஸ்' திறந்தது.

அந்தப் பூஜ்யத்துக்கு வருவோம். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறி வைத்திருந்த பழைய தமிழ்க் கணக்கு, பூஜ்யமே இல்லாமல் ஓடியது. யூனிகோடிலும் ௧ முதல் ௯ வரை முன்பே இருந்தன. ௦ வந்து சேர்ந்தது 2005-இல், 4.1 பதிப்பில்தான். சிஎஸ்எஸ்ஸின் 'சிஹெச்' அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முழுக்கத் தமிழிலேயே இருக்கும் பக்கத்திலும் அது அளவெடுப்பது இந்த 0-வை வைத்துத்தான்!